‘சி’ தரம் வாங்கிய சின்ன ஊர்ப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

வணக்கம். மேற்கு டெக்சாசில் வேலை, மொத்தமே 240 பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்), ஏ முதல் எஃப் வரை மாநிலம் தரும் தரத்தில் ‘சி’, மகளை மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஓர் எழுத்தைப் பார்த்து மிரளாதீர்கள். வகுப்பில் 16 பேர் என்று வையுங்கள். மாநிலம் நடத்தும் ஸ்டார் (STAAR) தேர்வில் இரண்டு பேர் சறுக்கினாலே தேர்ச்சி விகிதம் 12.5 புள்ளி இறங்கிவிடும். டல்லாஸ் மாதிரிப் பெரிய நகரத்தில் இரண்டு பேர் சறுக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? மாநிலக் கல்வி முகமையின் ஆண்டறிக்கைகளில் நான்கைந்தை வரிசையாக வைத்துப் படியுங்கள். நான் முதலில் தேடுவது மதிப்பெண்ணை அல்ல, ஆசிரியர்கள் எத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்பதைத்தான்.

நிதி விஷயம் கொஞ்சம் சிக்கல். அங்கே மாநில அரசின் பணம் சேர்க்கைக் கணக்கைப் பார்த்து வருவதில்லை, சராசரி அன்றாட வருகையைப் பார்த்து வருகிறது. ஊரில் காய்ச்சல் பரவி வகுப்பு காலியானால் வருமானமும் காய்ந்துவிடும். வருகை 1,600க்குக் குறைந்த மாவட்டங்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு உண்டு. ஆனால் பஸ்ஸில் எட்டுப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் ஓட்டுநர் சம்பளம் ஒன்றுதானே! (அமெரிக்கக் கால்பந்துக்கே பதினொரு பேர் தேறாமல் ஆறு பேராக ஆடும் பள்ளிகள் அவை.)

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: வாரத்துக்கு நான்கு நாள் பள்ளியா? ஆசிரியர்களைத் தக்கவைக்கப் பல கிராமப்புற மாவட்டங்கள் அப்படி மாறிவிட்டன. நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால், மீதி ஒரு நாள் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?