பி1 வரைபடத்தைக் கெதியாக எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கொழும்பில் எம்.ஆர்.ஐ. அறைகளில் வேலை செய்பவர்களும் படிப்பவர்களும் இந்தக் கிழமை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியே வந்தன. மெஷின் அனுப்பும் ஆர்.எஃப். (ரேடியோ) அலை உடம்புக்குள் எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்று காட்டும் பி1 வரைபடமும், அதை எடுக்க ஆகும் நேரமும். ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு 3 டெஸ்லாவில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் கறுப்பாக ஒரு திட்டு. "அது மெஷினில் வருவது, நோய் இல்லை" என்றார்கள். மெஷின் பழுதா?

பழுது இல்லை தம்பி. 3 டெஸ்லாவில் 128 மெகாஹேர்ட்ஸ் அலை அனுப்பவேண்டும். காற்றில் அதன் நீளம் 2 மீற்றருக்கும் மேல். நீர் நிறைந்த திசுவுக்குள் போனதும் 30 சென்ரிமீற்றருக்குள் சுருங்கிவிடும், கிட்டத்தட்ட வயிற்றின் அகலம். அப்போது வெவ்வேறு பக்கத்திலிருந்து வரும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும், அந்த இடம் கறுக்கும். வயிற்றில் நீர் கோத்தவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது இன்னும் கூட. 1.5 டெஸ்லாவில் அலை இருமடங்கு நீளம் என்பதால் பிரச்சினை குறைவு. அப்பாவின் படத்தைப் பற்றி கதிரியல் டொக்டர் சொல்வதுதான் முடிவு. சந்தேகம் இருந்தால் 1.5 டெஸ்லாவில் திரும்ப எடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை, ரேடியோகிராபர்: மிஸ், பி1 வரைபடம் என்றாலே எங்கள் இடத்தில் "நேரம் இல்லை" என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு நேரம் எடுக்குமா?

எந்த முறை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய இரட்டைக் கோண முறையை எடுங்கள். ஒரு ஃபிளிப் கோணத்தில் (ஆர்.எஃப். பல்ஸ் திசுவின் காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணம்) ஒரு படம், அதன் இருமடங்கில் இன்னொரு படம். இரண்டையும் வகுத்தால் உண்மையான கோணம் வரும். ஆனால் படத்துக்காக வாசிக்கும் ஒவ்வொரு தரவு வரிக்கும் முன் திசுவின் காந்தமாக்கம் முழுமையாக மீளவேண்டும், அதாவது டி1 என்னும் மீட்சி நேரத்தின் ஐந்து மடங்கு காத்திருக்கவேண்டும். டி1 ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் ஏழரைச் செக்கன். 64 வரி, இரண்டு படம் என்றால் 16 நிமிடம். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது யார் 16 நிமிடம் தருவார்கள்?

2007-இல் யார்நிக் சொன்ன ஏ.எஃப்.ஐ. முறை இந்தக் காத்திருப்பை உடைத்தது. ஒரே கோணத்தை இரண்டு வேறு டி.ஆர்.களில் (ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) மாறிமாறிக் கொடுப்பது. 20 மில்லிசெக்கன், 100 மில்லிசெக்கன் என்று வைத்து, முப்பரிமாணமாக 64 தர 32 வரி எடுத்தால் நாலு நிமிடம். இரண்டு திசையிலும் வரிகளைப் பாதியாக்கி சென்ஸ் அல்லது கிராப்பா (விட்ட வரிகளைப் பல வாங்கும் சுருள்களின் உதவியால் ஈடுசெய்யும் முறைகள்) போட்டால் ஒரு நிமிடம் அளவில் முடியும். ஆனால் ஸ்பொய்லிங், அதாவது முந்திய பல்ஸின் மிச்சச் சிக்னலை அழிப்பது, சரியில்லை என்றால் எண்கள் பிசகிவிடும். அதை முதலில் பாருங்கள்.

2012-இல் வந்த ட்ரீம் முறை இன்னும் கெதி. தொடக்கத்தில் இரண்டு ஆர்.எஃப். பல்ஸ், பிறகு எஃப்.ஐ.டி. என்னும் நேரடிச் சிக்னலையும், தூண்டப்பட்ட எக்கோ என்னும் திரும்பி வரும் சிக்னலையும் ஒரே ஓட்டத்தில் வாசிப்பது. ஒரு ஸ்லைஸ் ஒரு செக்கனுக்குள் முடியும், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் போதும். கோணம் மிகச் சிறியதாக விழும் இடங்களில் எக்கோ மங்கி இரைச்சல் கூடும். ஆனாலும் வயிற்றுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நேரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று வரைபடத்தையே விட்டுவிடாதீர்கள். நான் முன்னர் வேலை செய்த ஓரிடத்தில் அப்படித்தான் விட்டார்கள். பல கோணங்களில் எடுக்கும் டி1 அளவீட்டில் பிழை கோணத்தின் வர்க்கமாக வரும். கோணம் 10 சதவீதம் தவறினால் டி1 ஏறக்குறைய 20 சதவீதம் தவறும். திரையில் ஒரே மூளையின் வெள்ளைப் பகுதி நடுவில் ஒரு எண்ணும் ஓரத்தில் வேறொரு எண்ணும் காட்டியது. நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை, அந்தத் தரவு அப்படியே வீண். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

பம்பலப்பிட்டி: படத் தெளிவைக் குறைத்தால் வரைபடம் கெட்டுப்போகாதா?

கெடாது. அலைநீளமே இருபது, முப்பது சென்ரிமீற்றர் என்னும்போது புலம் மில்லிமீற்றருக்கு மில்லிமீற்றர் குதிக்காது, மெதுவாகத்தான் மாறும். 1 மில்லிமீற்றருக்குப் பதில் 4 மில்லிமீற்றர் எடுத்தால் முப்பரிமாணப் படத்தில் வரிகள் பதினாறில் ஒன்றாகும், சிக்னலும் கூடும். வேகத்துக்கான முதல் வழி இதுதான். இதைச் செய்யாமல் வேறு நுட்பங்களைத் தேடி ஓடுவது வீண் வேலை.

மெஷினின் பிரதான காந்தப் புலத்தைக் காட்டும் பி0 வரைபடத்துக்கு இதே துணிவு வேண்டாம். மூக்குக்குப் பின்னாலும் காதின் அருகிலும் காற்று இருப்பதால் அங்கே புலம் சட்டென்று மாறும். இரண்டு எக்கோக்களின் ஃபேஸ் (அலையின் கட்டம்) வித்தியாசத்தில் அதை எடுக்கும்போது, 3 டெஸ்லாவில் இடைவெளியை 2.3 மில்லிசெக்கன் அளவில் வைத்தால் கொழுப்பு குழப்பாது.

கொழும்புப் பல்கலைக்கழகம், பௌதிகவியல் மாணவி: வரிகளைக் குறைத்து எடுக்கும்போது இரண்டு படங்களுக்கும் வேறு வேறு வரிகளை விட்டால் கூடத் தகவல் கிடைக்காதா, அக்கா?

நல்ல கேள்வி. கூட்டாக மீட்டெடுக்கும் முறைகளில் அது உதவலாம். ஆனால் சாதாரண மீட்டெடுப்பில் நான் இரண்டுக்கும் ஒரே வரிகளைத்தான் விடுவேன். சிக்னலை வாங்கும் கொயிலின் (சுருளின்) ஏற்றத்தாழ்வு இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருப்பதால்தான் வகுக்கும்போது மறைந்துவிடுகிறது. வரிகள் குறைந்ததால் வரும் நிழலும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பகுதி அடிபடும். வேறு வேறாக இருந்தால் அது நேரே கோணத்தில் போய் உட்காரும்.

தெஹிவளை: 7 டெஸ்லாவில் எட்டு அனுப்பு கொயில். எட்டு வரைபடமா எடுக்கிறார்கள்?

முழுமையாக எட்டு எடுப்பதில்லை. சிறிய கோணத்தில் ஒவ்வொரு கொயிலாக அனுப்பி எட்டுச் சாதாரணப் படம் எடுத்தால் அவற்றுக்கிடையிலான விகிதம் செக்கன் கணக்கில் கிடைக்கும். அப்புறம் எல்லாக் கொயிலையும் சேர்த்து அனுப்பி உண்மையான கோணத்துக்கு ஒரே ஒரு வரைபடம். அதைக் கொண்டு எட்டையும் அளவுக்குக் கொண்டுவரலாம். அங்கே 298 மெகாஹேர்ட்ஸ், உடம்பில் சேரும் சூடும் கூட. அதனால்தான் புளொக்-சீகர்ட் (அதிர்வெண் விலகிய பல்ஸால் ஃபேஸ் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது) போல வலிய பல்ஸ் கேட்கும் முறை, டி1-ஐச் சாராத நல்ல முறையாக இருந்தும், 7 டெஸ்லாவில் மெதுவாகிவிடுகிறது. 2017-இல் வந்த பொதுப் பல்ஸ்கள் இன்னொரு வழி. பலருடைய மூளை வரைபடங்களை முன்கூட்டியே சேர்த்து, எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும்படி பல்ஸை வடிவமைப்பது. அப்போது நோயாளியிடம் வரைபடமே எடுக்கத் தேவையில்லை.

அதே வாசகர்: செயற்கை நுண்ணறிவு வரைபடத்தை ஊகித்துவிடாதா?

வழமையான உடம்பில் ஊகிக்கும். நீர் கோத்த வயிறு, உலோகம் வைத்த இடுப்பு என்று வரும்போதுதான் நமக்கு வரைபடம் மிகவும் தேவை. பயிற்சியில் குறைவாக இருப்பதும் அப்படிப்பட்ட உடம்புகள்தான். அங்கே அளந்து பார்ப்பதையே நம்புவேன்.

பேராதனை ரேடியோகிராபி மாணவன், விடுமுறையில் கொழும்பில்: பெரிய தண்ணீர்ப் போத்தலில் எடுத்துப் பார்த்தேன். நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கொயில் பிழையா சேர்?

சேர் இல்லை, அக்கா என்றே சொல்லுங்கள். கொயில் சரி, தண்ணீர்தான் காரணம். அதன் மின்கடத்தா மாறிலி 80 அளவில் இருப்பதால் போத்தலுக்குள்ளேயே அலை சுருங்கி நடுவில் குவிகிறது. எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், படம் சமமாக வரும். டி1 குறைவு என்பதால் காத்திருக்கும் நேரமும் குறையும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். ஸ்கேன் அறைக் குளிரில் அது உறைந்து சிக்னல் போய்விடும். சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள், குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள்.