ராத்திரிக் காய்ச்சலும் எமர்ஜென்சி வாசலும்

கோபியில இருந்து டல்லாஸ் வந்திருக்கோம், மூணு வயசுப் பையனுக்கு ராத்திரி காய்ச்சலடிச்சா நேரா குழந்தைகள் எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போலாமான்னு கேட்டிருக்கீங்க அம்மணி.

போலாம், ஆரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. காசு, இன்சூரன்ஸ் எதுவும் பாக்காம முதல்ல பரிசோதிச்சே ஆகோணும்னு 1986-லயே சட்டம் வந்திருச்சு. ஆனா நம்மூர் சாயங்கால கிளினிக் மாதிரி டோக்கன் வரிசை கிடையாது. வந்ததும் நர்ஸ் பாத்து 1-ல இருந்து 5 வரைக்கும் ஒரு எண் போடுவாங்க. 1-ன்னா உசுரு போற அவசரம். காய்ச்சலோட விளையாடிட்டிருக்கற பையனுக்கு 4, 5-தான் விழும். பொறவு வந்தவங்க முன்னால போவாங்க, நீங்க மணிக்கணக்கா உக்காந்திருக்கோணும். பில்லுல டாக்டருக்குத் தனி, ஆஸ்பத்திரிக்குத் தனி.

அதனால நல்லா இருக்கறப்பவே ஒரு குழந்தை டாக்டர்கிட்டப் பதிஞ்சு வெச்சுக்குங்க. ராத்திரி அதே நம்பருக்குக் கூப்பிட்டா பெரும்பாலும் நர்ஸ் பேசுவாங்க. காலைல வந்தாப் போதுமா, அர்ஜென்ட் கேரா (உசுருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்குப் போற கிளினிக்), எமர்ஜென்சியான்னு சொல்லிப்போடுவாங்க. டெக்சாஸ்ல ஒரு கண்ணி இருக்குதுங்க. கடைவீதியில தனியா நிக்கற சில எமர்ஜென்சிக அர்ஜென்ட் கேர் மாதிரியே தெரியும். போர்டைப் படிச்சுட்டு உள்ள போங்க, பில்லு எமர்ஜென்சி பில்லுதான்.

ஊர்ல இருந்து கொண்டாந்த சிரப்புல கவனம். பாராசிட்டமால் நம்மூர்ல 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம்னு பல அளவுல வருது. இங்க அசிட்டமினோஃபென்ங்கற பேர்ல 160. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 14 கிலோப் பையனுக்கு 210-ஐத் தாண்டக் கூடாது. இங்கத்த சிரப் 5 மில்லி சரி, 250 பாட்டில்ல அதே 5 மில்லி ஊத்தினா மிஞ்சிப்போகும். 4 மணி நேரத்துக்குள்ள மறுக்காக் கொடுக்காதீங்க, ஒரு நாளைக்கு 5 தடவைதான் உச்சம். கரண்டி வேண்டாம், சிரிஞ்ச்ல அளங்க.

மூச்சுக்கு விலா உள்ள இழுத்தா, எழுப்பினாலும் முழிக்கலைன்னா, கழுத்து விறைச்சா, அமுக்கியும் மறையாத செவப்புப் புள்ளி வந்தா யோசிக்காமக் கிளம்புங்க. 3 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைன்னா 100.4 டிகிரியே போதும். மூச்சே திணறினா 911-ங்கற அவசர நம்பருக்குக் கூப்பிடுங்க.

2020 ஏப்ரல் வாக்குல அமெரிக்காவுல 10 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக எமர்ஜென்சிக்கு வந்தது முந்தின வருசத்தைவிட 72 சதவீதம் குறைஞ்சுது. பள்ளிக்கூடம் மூடினதுல தொத்து நோய் குறைஞ்சது ஒரு காரணம். கொரோனா பயத்துல, வரவேண்டியவங்களும் வராம இருந்துட்டாங்களோங்கறதுதான் டாக்டர்களோட கவலை. அப்பப் பரவின, வீடியோ கால்ல டாக்டரைப் பாக்கற வைத்தியம் இன்னும் பல பக்கம் இருக்குது. சாதாரணத் தோல் தடிப்புக்கு அது பெரும்பாலும் போதும். காது வலிக்கு ஆகாது, உள்ள லைட் அடிச்சுப் பாக்கோணும்.