ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் வீட்டு ஜூஸ்: கேள்வி பதில்

கேள்விகள் பலருடையவை, பதில்கள் ஒருவருடையவை. கீழே ‘ஜூஸ்’ என்றால் சக்கை நீக்கி வடிகட்டியது. ‘ஸ்மூத்தி’ என்றால் சக்கையோடு அரைத்தது. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

கேள்வி: காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறேன். பத்து மணிக்கெல்லாம் பசி பிடுங்குகிறது. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். 250 மி.லி. ஆரஞ்சு ஜூஸில் சுமார் 110 கலோரி, 21 கிராம் சர்க்கரை இருக்கும். புரதம் 2 கிராமைத் தாண்டாது. நார்ச்சத்தும் கொழுப்பும் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஒரு வேளை உணவென்றால் 400 முதல் 500 கலோரி, 15–20 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து, 10–15 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலோரியை ஜூஸிலேயே எட்ட ஒரு லிட்டர் குடிக்க வேண்டும். சர்க்கரை 80 கிராமைத் தாண்டிவிடும், புரதமோ அப்போதும் 7–8 கிராம்தான்.

1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில் ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த அளவு மூன்றிலும் ஒன்றே. முழு ஆப்பிள்தான் அதிகம் பசியாற்றியது, சாறு கடைசி. சாறு குடித்தவர்களுக்கு ஏறிய ரத்தச் சர்க்கரை பிறகு சரிந்தும் போனது. உங்கள் பத்து மணிப் பசியில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் ஜூஸரில் வரும் சக்கையைத் திரும்ப ஜூஸிலேயே கலந்துவிட்டால்?

பிரித்துவிட்டு மறுபடி சேர்ப்பதற்கு மிக்ஸியிலேயே அரைத்துவிடலாமே! ஜூஸருக்கு வேலை காய்கறிச் சாறு ருசிக்காகக் குடிக்கும் நாளில்தான். உணவுக்குப் பதில் என்றால் மிக்ஸி போதும்.

கேள்வி: “புரதம் சேர், கொழுப்பு சேர்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிராம் கணக்கில் ஒரு அளவு சொல்லுங்களேன்.

அடிப்படை அளவு இது: கொழுப்பு நீக்காத பால் 250 மி.லி., ஓட்ஸ் 30 கிராம், உரித்த வாழைப்பழம் 100 கிராம், வறுத்த வேர்க்கடலை 15 கிராம். சுமார் 440 கலோரி, 17 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து வரும். புரதம் இன்னும் வேண்டுமென்றால் பாலில் 100 மி.லி.யைக் குறைத்து, நீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராம் சேருங்கள். கப், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். கடலையில் ஒரு கைப்பிடி 20 கிராமாகவும் இருக்கும், 40 ஆகவும் இருக்கும். அந்த வித்தியாசமே 110 கலோரிக்கு மேல்.

அரைக்கும் வரிசை முக்கியம். ஈரமில்லாத ஜாரில் ஓட்ஸையும் கடலையையும் முதலில் போட்டு, விட்டு விட்டு 20 விநாடி ஓட்டுங்கள். கடலையைத் தனியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு ஜார் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். ஓட்ஸ் கூட இருந்தால் அது எண்ணெயை உறிஞ்சிப் பொடியாகவே நிற்கும். அடுத்து பழமும் 100 மி.லி. பாலும் சேர்த்து 30 விநாடி. விழுது மாதிரி ஆனபின் மிச்சப் பாலை ஊற்றி 10 விநாடி, அவ்வளவுதான்.

கேள்வி: நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு நிமிடம் அரைக்கிறேன். அப்படியும் திப்பி திப்பியாக இருக்கிறது, மேலே நுரை வேறு.

திரவம் அதிகமாக இருந்தால் திப்பிகள் பிளேடில் சிக்காமல் நீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். நேரத்தைக் கூட்டக் கூட்டக் காற்றுதான் உள்ளே போகும், அதுதான் அந்த நுரை. மேலே சொன்ன வரிசையில் செய்தால் இரண்டும் அடங்கும். கேரட், பீட்ரூட் மாதிரி கெட்டிக் காய்களை ஒரு சென்டிமீட்டர் துண்டாக்கி 5 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டுப் போடுங்கள். சூடாக ஜாரில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். குடிக்குமுன் 5 நிமிடம் வைத்தால் ஓட்ஸ் ஊறி இன்னும் மிருதுவாகும்.

கேள்வி: எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாதாம் பால் ஊற்றலாம்தானே?

ஊற்றலாம், ஆனால் புரதக் கணக்கு விழுந்துவிடும். பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர். 250 மி.லி.யில் புரதம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான். இனிப்பில்லாத சோயா பாலில் 7–8 கிராம் கிடைக்கும். கடலை ஒவ்வாதவர்கள் அதே எடைக்குச் சூரியகாந்தி விதை போடலாம்.

கேள்வி: அக்கா, அன்னாசியும் பாலும் சேர்த்து அரைத்தேன். அரை மணி நேரத்தில் கசந்துவிட்டது. பால் கெட்டதா?

பால் கெடவில்லை தம்பி. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. கிவி, பப்பாளியிலும் இதே வகை நொதி உண்டு. அரைத்த கையோடு குடித்துவிடுங்கள், இல்லையேல் பழத்தைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறியபின் சேருங்கள். நொதி செயலிழந்துவிடும்.

அதே சமயம் வெள்ளரி, சுரைக்காய், சீமைச் சுரைக்காய் கசந்தால் கதை வேறு. அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையே தூக்கிப் போடுங்கள். தேன் ஊற்றிக் கசப்பை மறைத்துக் குடிப்பதுதான் ஆபத்தே.

கேள்வி: தினமும் 200 கிராம் பசலைக்கீரையைப் பச்சையாக ஜூஸ் போடுகிறேன். நல்லதுதானே?

200 கிராம் பச்சைக் கீரையை மென்று தின்ன யாருக்கும் பொறுமை இருக்காது, ஜூஸாகவோ இரண்டு மடக்கில் இறங்கிவிடும். சிக்கலே அங்குதான். பசலையில் ஆக்சலேட் என்ற தாவரப் பொருள் மிக அதிகம். அது சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகலாம். பச்சைக் கீரை ஜூஸை நாள்தோறும் நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கீரையை 2 நிமிடம் கொதிநீரில் போட்டு அந்த நீரைக் கொட்டுங்கள். 50 கிராமுக்குள் நிறுத்தி, பாலோ தயிரோ சேர்த்து அரையுங்கள். அவற்றிலுள்ள கால்சியம், ஆக்சலேட் சிறுநீரகம் வரை போகவிடாமல் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கல் வந்தவர்கள் பசலையையும் பீட்ரூட்டையும் ஜூஸிலோ ஸ்மூத்தியிலோ சேர்க்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, பயந்துவிட்டேன்.

பீட்ரூட் நிறமிதான், ஓரிரு நாளில் போய்விடும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதிகக் கேரட்டில் உள்ளங்கை மஞ்சளாவதும் இப்படித்தான். கண்ணின் வெள்ளை மஞ்சளானால் மட்டும் அது கேரட் அல்ல, மஞ்சள் காமாலையாக இருக்கலாம்.

கேள்வி: இரவே அரைத்து வைத்துக் காலையில் எடுத்துப் போகலாமா?

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள், இடைவெளியில் நிற்கும் காற்றுதான் நிறத்தைக் கருக்கும். பால் சேர்க்காத ஆப்பிள் ஜூஸுக்கு 250 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடலாம். பாலில் விட்டால் திரிந்துவிடும். ஓட்ஸ் ஸ்மூத்தி காலையில் கூழாக நிற்கும், 50 மி.லி. பால் விட்டுக் குலுக்குங்கள். திறக்கும்போது ‘புஸ்’ என்றால் புளிக்கத் தொடங்கிவிட்டது, கொட்டிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, ஓட்ஸ்–கடலைப் பொடியை ஒரு வாரத்துக்கு அரைத்து டப்பாவில் வைப்பது. வாழைப்பழத்தை உரித்து, நறுக்கி உறைய வையுங்கள். தோலோடு உறைய வைத்தால் காலையில் உரிக்கவே வராது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் எடுக்கிறார். அவர் குடிக்கலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் உணவின் அளவை மாற்றினால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கீரைகளில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், அதனால் கீரை அளவைத் திடீரென ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. கிரேப்ஃப்ரூட்டும் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பெயரைப் பார்த்துத் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆரஞ்சுக்குச் சொந்தம்.

கேள்வி: எத்தனை வேளை மாற்றலாம்? பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாளில் ஒரு வேளை, அதற்கு மேல் வேண்டாம். ஒரே அளவை மூன்று நாள், ஒரே நேரத்தில், 10–15 நிமிடம் எடுத்து மெதுவாகக் குடியுங்கள். மறுபடி பசித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். நாலு மணி நேரம் தாங்கினால் அந்த அளவு உங்களுக்குச் சரி. இரண்டே மணி நேரத்தில் பசித்தால் தயிரைச் சேருங்கள், பழத்தைக் கூட்டாதீர்கள். வயிறு உப்பினால் ஓட்ஸை 15 கிராமாக இறக்கி, வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது, எது கொடுத்தது என்று தெரியாது.