ஓய்வுநாள் விளக்கும் பஸ்கா அரிசியும்: யூதச் சட்டம் பற்றி நீங்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இஸ்ரேலில் முதியவர்களைப் பராமரிக்கும் நம்மவர்களிடமிருந்து வந்தவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். யூதர்களின் மதச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் தொடங்கி, பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அதன் மீதான விவாதங்களான தல்மூத் வழியாக வளர்ந்தது. ரபி (மதச் சட்ட அறிஞர்) யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் ஆருக் 1565-ல் வெனிஸில் அச்சானது. அன்றாட வாழ்க்கைக்கான கைநூல் அதுதான். கிராக்கோ நகரத்து ரபி மோஷே இஸ்ஸர்லெஸ் அதில் ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாஸிகளின் வழக்கங்களைச் சேர்த்தார். அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் "அந்தக் குடும்பம் எந்த வழி வந்தது?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன். நான் ரபி அல்ல, இந்த நூல்களைப் பல வருடங்களாகப் படிக்கிறவன். அந்த வீட்டாருக்கென்று ஒரு ரபி இருப்பார், கடைசி வார்த்தை அவருடையது.

பினே பிராக்கில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா. வெள்ளி இரவு குளியலறை விளக்கு அணைந்திருந்தால் போடச் சொல்ல மாட்டார். "இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார். நேராகக் கேட்டால் என்ன? நான் போட்டால் அவருக்குப் பாவமா?

வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளில் 39 வகை வேலைகளுக்குத் தடை. மிஷ்னா அதை "நாற்பதில் ஒன்று குறைய" என்று எண்ணும். நெருப்பு மூட்டுவது அதில் ஒன்று. மின்சாரத்துக்கு ஒவ்வொரு ரபியும் ஒவ்வொரு காரணம் சொன்னாலும், சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. தான் செய்யக்கூடாத வேலையை யூதரல்லாத ஒருவரிடம் செய்யச் சொல்வதையும் ரபிகள் தடுத்திருக்கிறார்கள். பாட்டி வேலையை ஏவாமல் நிலைமையை மட்டும் சொல்வது அதனால்தான். உங்களைச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மிஷ்னாவிலேயே இதற்கு வழி இருக்கிறது. யூதரல்லாதவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதரும் பயன்படுத்தலாம். யூதருக்காகவே ஏற்றினால் கூடாது. ஆக, துண்டு எடுக்கவோ தரையைத் துடைக்கவோ உங்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நீங்கள் போட்டால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்து "உங்களுக்காகப் போடுகிறேன்" என்று சொல்லாமல் இருந்தால் நல்லது.

அப்புறம், முக்கியமான விஷயம். உடல் முழுக்கத் தளர்ந்து படுத்துவிட்டவர், உயிருக்கு ஆபத்து இல்லையென்றாலும், தேவையானதை உங்களிடம் நேராகவே கேட்கலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. கடும் குளிரைப் பற்றி ஷுல்ஹான் ஆருக் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும்: குளிருக்கு முன்னால் எல்லாருமே நோயாளிகள்தான். குளிரில் நடுங்குகிறார் என்றால் ஹீட்டரைப் போடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விழுந்து தலையில் அடி என்றால் ஓய்வுநாள் ஒதுங்கிக்கொள்ளும். உடனே 101-ஐ அழையுங்கள். இந்த வேலையை வேறு யார் தலையிலாவது கட்டக்கூடாது என்றும் இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ் எழுதியிருக்கிறார்: சிறுவர்களையும் யூதரல்லாதவரையும் தேடிக்கொண்டிருக்காமல், சமூகத்தின் பெரியவர்களும் அறிஞர்களும்தான் முன்வந்து செய்ய வேண்டுமாம். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பாட்டியே போனை எடுக்க வேண்டும். வெள்ளி மதியம் இதை அவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அதே நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பல்பையும் கழற்றிவிட்டால் சனிக்கிழமை நிம்மதி.

இறைச்சிக் குழம்பைப் பால் கரண்டியால் கிளறிவிட்டேன். கழுவி வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

சொல்லிவிடுங்கள், தங்கச்சி. மறைத்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். "ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. பால், இறைச்சி இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைப்பதெல்லாம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் இந்த மாதிரித் தவறு நடக்கும் என்று சட்டத்துக்குத் தெரியும். ரபி கேட்கப்போவது மூன்றே விஷயம். குழம்பு சூடாக இருந்ததா? அந்தக் கரண்டியைக் கடந்த 24 மணி நேரத்தில் சூடான பாலில் போட்டார்களா? குழம்பு கரண்டியைப் போல 60 மடங்கு இருக்குமா? ஆறியிருந்தால் கழுவினாலே போதும். பெரிய பானைக் குழம்பு என்றால் பல நேரம் குழம்பு தப்பித்துவிடும், கரண்டியைத்தான் கொதிநீரில் சுத்திகரிக்கச் சொல்வார்கள். இனிமேல் இப்படி ஆனால் எதையும் கழுவாமல், கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று ஒட்டுவில்லை இருக்கும். இல்லையென்றால் ஒட்டச் சொல்லுங்கள்.

இறைச்சி சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பால் குடிக்கலாம் என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். பொதுவாக 6 மணி நேரம். ஜெர்மானிய வழக்கத்தில் 3, டச்சு வழக்கத்தில் 1.

தாத்தாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். யோம் கிப்பூர் (பாவநிவாரண நாள்) நோன்பு இருந்தே தீருவேன் என்கிறார். டாக்டர் கூடாது என்கிறார். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. தாத்தாவின் பக்தியைக் குறைத்துப் பேசாதீர்கள். வாழ்நாள் முழுக்க அந்த 25 மணி நேரம் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தவர், திடீரென்று சாப்பிடு என்றால் மனம் உடைந்துபோகும். அவருக்குப் புரியும் மொழி சட்டத்தின் மொழிதான். அதில் பேசுங்கள்.

லேவியராகமம் 18:5 கட்டளைகளைப் பற்றி, அவற்றைச் செய்கிற மனிதன் அவற்றால் வாழ்வான் என்கிறது. வாழ்வதற்குத்தான், சாவதற்கு அல்ல என்று தல்மூத் அதற்கு விளக்கம் தருகிறது. ஆபத்தான நோயாளி யோம் கிப்பூரில் சாப்பிடுவது சலுகை அல்ல, கடமை. நோன்பு இருந்து உடலைக் கெடுத்துக்கொண்டால் அதுதான் மீறல். இன்னொன்றும் சொல்லுங்கள்: எனக்கு உணவு வேண்டும் என்று நோயாளி சொன்னால், 100 மருத்துவர்கள் சேர்ந்து தேவையில்லை என்றாலும் நோயாளியின் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்கிறது ஷுல்ஹான் ஆருக். தன் இதயத்தின் கசப்பை அந்த இதயம்தானே அறியும் என்ற நீதிமொழி வசனம்தான் அதற்கு ஆதாரம். நோயாளி மறுத்து, மருத்துவர் தேவை என்றாலோ, அப்போது மருத்துவர் பேச்சைக் கேட்டுச் சாப்பிடக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் உயிரின் பக்கம்தான் தராசு சாய்கிறது. 1848-ல் வில்னாவில் காலரா பரவியபோது ரபி இஸ்ரயேல் சலாண்டர் யோம் கிப்பூர் அன்று சாப்பிடும்படி ஊர் மக்களுக்கு அறிவித்தார். தாத்தாவுக்கு அந்தப் பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும்.

நடைமுறையில் ஒரு நடுவழியும் உண்டு. ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி அளவுக்கு உணவு, ஒரு கன்னம் நிறையாத அளவுக்குத் தண்ணீர், பிறகு 9 நிமிடம் இடைவெளி, மறுபடியும் அதே அளவு. இப்படிச் சாப்பிட்டால் சட்டப்படி முழுமையாக நோன்பை முறித்ததாகாது. முந்தைய நாளே சின்னக் குப்பியில் அளந்து வைத்துவிடுங்கள். ஆனால் இன்சுலின் போடுகிறவருக்கு இந்த அளவு போதுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போதாது என்றால் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். அவருடைய ரபியே நேரில் வந்து சொன்னால் தாத்தா கேட்பார். மகனையோ மகளையோ ஒரு வாரம் முன்னாலேயே அழைத்துவரச் சொல்லுங்கள்.

இஸ்ரேலிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பெங்களூர் அலுவலகத்துக்கு வருகிறார், கோஷர் (யூத உணவுச் சட்டப்படியான உணவு) மட்டும் சாப்பிடுவாராம். சுத்த சைவ ஹோட்டலுக்கு அழைத்துப் போனால் சரிதானே?

சரியாக வராது. சைவம் என்பதால் பாதி பிரச்சினை தீரும், மீதி நிற்கும். கீரையிலும் காலிபிளவரிலும் பூச்சி பார்த்தார்களா, பன்னீரும் வினிகரும் எப்படித் தயாரானவை, அடுப்பை யூதர் யாராவது பற்றவைத்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். முதலில் அவரிடமே கேளுங்கள், கேட்டால் தவறாக நினைக்க மாட்டார். முழுப் பழங்கள், வெட்டிய உடனே இளநீர், கோஷர் முத்திரை உள்ள பொட்டலங்கள், புதிய காகிதத் தட்டு இவை இருந்தால் அவர் சங்கடமில்லாமல் சாப்பிடுவார்.

லண்டனில் யூத மாணவி ஒருத்தியோடு ஒரே ஃபிளாட்டில் இருக்கிறேன். பஸ்கா வருகிறது, சமையலறையைப் புரட்டிப் போடுகிறாள். என் அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடியை என்ன செய்ய?

எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பஸ்கா பண்டிகையில் விலக்கு ஹமேத்ஸுக்கு, அதாவது புளித்த தானியத்துக்கு. கோதுமை, பார்லி, ரை, ஸ்பெல்ட், ஓட்ஸ் என்ற ஐந்து தானியங்கள் மட்டும்தான் ஹமேத்ஸ் ஆகும். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்தால் மாட்ஸா என்னும் புளிப்பில்லாத அப்பம். பிசையாமல் சும்மா வைத்து அந்த நேரத்தைத் தாண்ட விட்டால் ஹமேத்ஸ். எனவே உங்கள் மைதா, ரவை, சேமியா, சப்பாத்தி மாவு, பிஸ்கட், பிரெட் எல்லாம் பிரச்சினை.

அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. இட்லி மாவு எவ்வளவு பொங்கினாலும் அது ஹமேத்ஸ் ஆகாது. ஆனால் பிரான்ஸ் பக்கத்தில் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு வழக்கம் வேரூன்றியது. பயறு வகைகளில் கோதுமை மணி கலந்திருக்கலாம், மாவாக அரைத்தால் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்று அரிசி, பருப்பு, பயறு, தினை எல்லாவற்றையும் அஷ்கெனாஸிகள் தவிர்த்தார்கள். அந்த வகைக்குக் கிட்னியோட் என்று பெயர். ஸ்பெயின் வழி வந்த யூதர்களான செஃபார்டிகளில் பலர் அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். கன்சர்வேட்டிவ் யூத இயக்கம் 2015-ல் இதை அஷ்கெனாஸிகளுக்கும் அனுமதித்தது. உங்கள் தோழி எந்த வழி என்று கேளுங்கள். அஷ்கெனாஸியாக இருந்தாலும் கிட்னியோட்டை அவள் சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான். வீட்டில் இருப்பதில் தடை இல்லை.

கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் வழியாக அது எல்லா இடத்திலும் இருக்கும். உங்கள் பொருள் உங்களுடையது, அதை நீங்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு அலமாரியில் போட்டு மூடி டேப் ஒட்டிவிட்டால் போதும். வெளிநாட்டில் பஸ்கா 8 நாள், இஸ்ரேலில் 7. அந்த 8 நாளும் பொதுச் சமையலறையில் தாளிக்காமல் இருந்தால் அவளுக்குப் பெரிய உதவி.

ஜெருசலேமில் உடன் வேலை செய்பவரின் அப்பா இறந்துவிட்டார். துக்க வீட்டுக்குப் போகலாமா? என்ன சொல்ல வேண்டும்?

கட்டாயம் போங்கள். அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் குடும்பத்தார் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், அதற்கு ஷிவா என்று பெயர். பெரும்பாலும் கதவு திறந்தே இருக்கும், நேராக உள்ளே போகலாம். அவர் பேசத் தொடங்கும்வரை நீங்கள் பேசாதீர்கள். நம் ஊர் இழவு வீட்டில் "வாங்க" என்று அழைப்பதும் "போய் வருகிறேன்" என்று விடைபெறுவதும் இல்லாத மாதிரி, அங்கேயும் வழக்கமான வணக்கம் கிடையாது. பூங்கொத்து வேண்டாம். உணவு கொண்டுபோனால் கோஷர் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள். அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்லட்டும். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை போக வேண்டாம்.

நான் வேலை செய்யும் வீட்டில் மகள் பல வருடமாகக் கணவனைப் பிரிந்திருக்கிறாள். இன்னும் மறுமணம் செய்ய முடியாதாம், அவன் ஏதோ காகிதம் தரவில்லையாம். இது என்ன நியாயம்?

அந்தக் காகிதத்துக்கு கெட் என்று பெயர். கணவன் தன் விருப்பப்படி மனைவியின் கையில் கொடுத்தால்தான் மணமுறிவு செல்லும். அது இல்லாமல் அவள் இன்னொருவரோடு வாழ்ந்தால் பிறக்கும் குழந்தைகள் மீது, யூதச் சமூகத்தில் திருமணம் செய்வதற்கே தடை விழுகிறது. ஆணுக்கு அந்த அளவு விளைவு இல்லை. சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் ரபி கெர்ஷோம் மனைவியின் சம்மதம் இல்லாமல் கெட் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டார். அது பாதிதான் ஈடு செய்தது.

இப்படிக் கட்டுண்டு நிற்கும் பெண்ணை அகுனா என்பார்கள். நான் நேசிக்கும் இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் வருத்துகிற இடம் இதுதான். அதே சட்டத்தில் வழிகளும் உண்டு. கணவன் காணாமல் போன வழக்குகளில் இறப்புக்கு ஒரே சாட்சி போதும் என்று தல்மூத் விதியைத் தளர்த்தியிருக்கிறது, அந்தப் பெண்கள் நிர்க்கதியாகக்கூடாது என்பதற்காகவே. இஸ்ரேலில் 1995-ல் வந்த சட்டப்படி, கெட் தர மறுப்பவனின் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ரபிகளின் நீதிமன்றம் முடக்கலாம், சிறையிலும் அடைக்கலாம். திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வழக்கமும் பரவி வருகிறது. ரபிகள் கையில் கருவி இருக்கிறது, இன்னும் துணிந்து பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பெண்ணுக்காக வாதாட, இந்த நீதிமன்றங்களில் பயிற்சி பெற்ற பெண் வழக்காடுநர்கள் இருக்கிறார்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜெருசலேமின் மேற்குச் சுவரில் யூதரல்லாதவர் வேண்டுதல் சீட்டு எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். 1 இராஜாக்கள் 8-ஆம் அதிகாரத்தில் சாலொமோன், தூர தேசத்திலிருந்து வரும் அந்நியனின் வேண்டுதலையும் கேட்கும்படி ஜெபிக்கிறார். ஆண்கள் தலையை மூட வேண்டும், அங்கேயே குல்லா கிடைக்கும். ஆண், பெண் பகுதிகள் தனி. ஓய்வுநாளில் எழுதுவதும் படம் எடுப்பதும் வேண்டாம்.

ஹைஃபாவில் வாடகைக்கு வந்த வீட்டின் கதவுநிலையில் சாய்வாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாமா?

அது மெசூசா. உள்ளே தோல்தாளில் கையால் எழுதிய உபாகம வசனங்கள் இருக்கும், அதில் கடவுளின் பெயரும் வருகிறது. அதனால் குப்பையில் போடக்கூடாது. வீட்டு உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள், அவர் அப்படியே விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பெட்டியைத் திறக்காமல் கழற்றி, பக்கத்து ஜெப ஆலயத்தில் கொடுங்கள். பழைய எழுத்துகளைப் போட அங்கே கெனிசா என்ற பெட்டி இருக்கும், சேர்ந்ததும் மொத்தமாகப் புதைப்பார்கள். இன்னும் நல்ல நிலையில் இருந்தால் சரிபார்த்து வேறொரு வீட்டுக்கும் கொடுப்பார்கள்.