பள்ளிக்கு ஸ்டெம் கிட் வாங்கித் தரப்போகிறோம், எந்த கம்பெனி நல்லது?

கும்பகோணம் பக்கத்தில் நீங்கள் படித்த அரசு நடுநிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஸ்டெம் கிட் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதச் செய்முறைச் சாமான் பெட்டி) வாங்கித் தருவதாகச் சொல்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் கம்பெனியைத் தேடுவதற்கு முன்னால் அறிவியல் டீச்சரிடம் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தமிழக அரசின் அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டமான வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியதே 6 முதல் 8 வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். அதனால் சாமான் ஓரளவு இருக்கும். இல்லாதது தீர்ந்துபோன சில்லறைப் பொருளும், கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆளும்.

கிட் ஏன் பூட்டியே கிடக்கிறது என்றால், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்ட பொருளுக்கு டீச்சர்தான் பொறுப்பு. உடைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு எந்த தைரியத்தில் பிள்ளைகள் கையில் கொடுப்பார்? ஆகவே சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், பென்சில் பேட்டரி, முதலை கிளிப் எல்லாவற்றையும் தேவைக்கு இரண்டு மடங்காக வாங்கி, நுகர்பொருள் (பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருள்) கணக்கில் எழுதச் சொல்லி ஹெச்.எம்.மிடம் பேசுங்கள். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அவர்கள் பக்கம் நின்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது நேரம். 40 நிமிஷ பீரியடில் எடுத்து வைக்க பத்து, திருப்பி அடுக்க பத்து போனால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்? இரண்டு பீரியடைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். முதல் நாள் சாயங்காலமே உங்களில் ஒருவர் போய் ஆறு தட்டில் சாமானைப் பிரித்து வைத்து, டீச்சரோடு ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். மறுநாள் பாடம் நடத்துவது டீச்சர்தான். நீங்கள் முன்னால் போய் நிற்காதீர்கள்.

ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்சுற்று போர்டு) வாங்கினால்: மலிவு போர்டுகளில் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேச சிஹெச்340 என்ற சிப் இருக்கும். அதன் டிரைவர் சாஃப்ட்வேர் இல்லாத கம்ப்யூட்டரில் போர்டு செருகியிருப்பதே தெரியாது, போர்டு போச்சு என்று ஓரங்கட்டிவிடுவார்கள். டிரைவரைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் என்று முன்பே விசாரியுங்கள். இரண்டு முள் வைத்த மண் ஈரப்பத சென்சாரை ஈர வண்டலில் செருகி எந்நேரமும் கரண்ட் விட்டால் முலாம் அரித்துவிடும். சென்சாருக்குக் கரண்ட் கொடுக்கும் விசிசி கம்பியை போர்டின் 5 வோல்ட் பின்னுக்குப் பதில் 7ஆம் பின்னில் கொடுத்து, அளக்கும் நொடியில் மட்டும் புரோகிராமில் ஆன் செய்தால் போதும்.

கம்ப்யூட்டரே இல்லாமல் செய்வது என்றால் நம் ஊருக்கு வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளப்பதுதான். மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று டிவியில் ஓடுகிறதே, விநாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர். சிமெண்ட் போட்ட, நேரான வாய்க்காலின் குறுக்கே 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கயிறு கட்டுங்கள். முதல் கயிற்றுக்கு இரண்டு மீட்டர் முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை விடுங்கள். தெர்மோகோல் வேண்டாம், காற்று தள்ளித் தப்புக் கணக்கு வரும். ஐந்து முறை விட்டு, ஒரு கயிற்றிலிருந்து அடுத்த கயிற்றுக்குப் போகும் நேரம் சராசரி 25 விநாடி வந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாகப் போகும் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும், 0.34. அகலம் 1.2 மீட்டர், ஐந்து இடத்தில் அளந்த சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.48 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.163 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 163 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் கன அடி. ஆழத்தைப் பெரியவர் ஒருவர் குறியிட்ட கம்பால் அளக்கட்டும், பிள்ளைகள் கரையை விட்டு இறங்கவே கூடாது.

கடைமடைப் பக்கம் என்றால் பழம் பாதியிலேயே ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொள்ளும். வருஷா வருஷம் தூர்வாரியதாக போர்டு மட்டும் பளபளவென்று நிற்கிறது. கேட்டால் தண்ணீர் வந்துவிட்டது, இனி அடுத்த வருஷம் என்பார்கள். சரி, அது வேறு கதை.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எல்லாக் கருவியிலிருந்தும் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். போர்டுகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள்.