கட்சி ஊடகங்களின் பொய்யை நையாண்டியால் கிழிக்க முடியுமா?

கேள்வி: "இலங்கை மலையகத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு யூடியூப் சனல் இருக்கிறது. எல்லாரும் தங்கள் ஆட்களைத்தான் ஊதுகிறார்கள். ஒரு நையாண்டிப் பக்கம் தொடங்கி இவர்களை அம்பலப்படுத்தலாம் என்று நினைக்கிறேன். பலன் இருக்குமா?"

பலன் இருக்கும். ஆனால் உங்கள் மீமைப் பார்த்துவிட்டு யாரும் சங்கம் மாறப் போவதில்லை. ஒரு தந்திரத்தை ஒரு தடவை சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிட்டால், அடுத்த தடவை அதே தந்திரம் வரும்போது சனம் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும். எனக்குத் தெரிந்த பலன் அதுதான். ஆளை நக்கலடிப்பது சுலபம், இரண்டு நாள் ஓடும். பிறகு அந்த ஆளே அதைப் பகிர்ந்து "என்னை எவ்வளவு வெறுக்கிறார்கள் பாருங்கள்" என்று அனுதாபம் தேடிக்கொள்வார்.

நானும் நண்பர்கள் நாலைந்து பேரும் அட்டன் பக்கத்தில் இருந்துகொண்டு சில வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறோம். பக்கத்தின் பெயர் வேண்டாம். கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். நம்மூர்க் கட்சி ஊடகம் பச்சைப் பொய் சொல்வது குறைவு. உண்மையில் பாதியை வெட்டி எடுத்து, அதற்குப் பெரிய எழுத்தில் தலைப்புப் போடுவார்கள். தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்காகச் சங்கங்களும் கம்பனிகளும் கையெழுத்து வைத்த 2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஒப்பந்தப்படி ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 730 ரூபா: அடிப்படை 500, வரவுக்கான கொடுப்பனவு 60, தேயிலை விலைக்கான பங்கு 30, கூடுதலாகக் கொழுந்து எடுத்தால் 140. 2019 இல் அடிப்படையை 700 ஆக்கினார்கள், விலைப் பங்கை 50 ஆக்கினார்கள், மற்ற இரண்டையும் தூக்கிவிட்டார்கள். ஆக மொத்தம் 750.

கையெழுத்து வைத்த தரப்பு "அடிப்படைச் சம்பளம் 40 வீதம் உயர்ந்தது" என்றது. உண்மை. எதிர்த்த தரப்பு "வெறும் 20 ரூபாதான் கூட்டினார்கள்" என்றது. அதுவும் உண்மை. முதல் தரப்பு மறைத்தது, பறிபோன 200 ரூபாவை. இரண்டாம் தரப்பு மறைத்தது, அந்த 200 ரூபா எல்லார் கைக்கும் ஒருபோதும் வந்ததில்லை என்பதை. வரவுக் காசு போதிய நாள் வேலைக்கு வந்தவருக்கு மட்டும், 140 குறித்த கிலோவைத் தாண்டியவருக்கு மட்டும். சேமலாப நிதியை (ஓய்வுக்காலச் சேமிப்பை) அடிப்படையை வைத்துக் கணக்கிடுவதால் அந்த 700க்கு ஒரு பெறுமதி இருந்தது என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. இப்படி இரண்டு உண்மைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மலையில் நிற்கிற அக்கா யாரை நம்புவது?

நாங்கள் ஒரு படம் செய்தோம். இடப்பக்கம் "வரலாற்று வெற்றி", வலப்பக்கம் "வரலாற்றுத் துரோகம்". நடுவில் ஒரு சம்பளத் துண்டு: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், தீபாவளி முற்பணம் என்று கழித்துக்கொண்டே போய் கடைசியில் கைக்கு வருவது. கீழே ஒரே ஒரு வரி: "இந்த வரலாத்த எந்தக் கடையில மாத்தலாம்?"

படம் நன்றாக ஓடியது. பிறகுதான் வேடிக்கை. வட்ஸ்அப்பில் சுற்றும்போது ஒரு தரப்பு தன் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மற்றப் பாதியைச் சம்பளத் துண்டோடு அனுப்பியது. மற்றத் தரப்பும் அச்சொட்டாக அதையே செய்தது. இரண்டு கட்சிக்கும் நாங்கள் சம்பளமில்லாமல் பிரசாரப் படம் செய்து கொடுத்த கதையாகப் போனது.

அந்த வாரமே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு சங்கத்தின் தோட்டத் தலைவர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். போனை எடுத்துப் படத்தைக் காட்டி, கட்டைவிரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தார்.

"தம்பி, எங்கள போட்டது பெருசா இருக்கே?"

"உங்க தலைப்பு நீளம் தலைவரே, அதான்."

"நீளமா இருந்தா சின்ன எழுத்துல போடணும். இப்ப எங்க விசயம் தூரத்துல இருந்தே தெரியுது, அவனோடது தெரியல. இது யாரு காசு, சொல்லுங்க."

காசு யாருடையதும் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. ஆனால் தேத்தண்ணிக்கு அவர்தான் காசு கொடுத்தார். இதுவரைக்கும் எங்கள் பக்கம் வாங்கிய ஒரே லஞ்சம் அதுதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வெட்டினாலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகாத நையாண்டிதான் இங்கே வேலை செய்யும். இடம் ஒரு தரப்பு, வலம் ஒரு தரப்பு என்று வைத்தால் கத்தரிக்கோலுக்கு நீங்களே கோடு போட்டுக் கொடுக்கிறீர்கள். இரண்டு தரப்பையும் ஒரே வசனத்துக்குள் கட்டிப்போடுங்கள். 2024 சம்பளக் கூத்துக்கு நாங்கள் படமே போடவில்லை, வட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குரல் பதிவு விட்டோம். மே தினத்தில் நாள் சம்பளம் 1700 ரூபா என்று மேடையில் அறிவித்தார்கள், ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டெம்பரில் 1350 என்று முடிந்தது. இவ்வளவையும் ஒரு அம்மாவும் கடைக்காரரும் கடன் கொப்பியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. மே மாதம் அம்மா "1700ஐ நம்பி எழுதுங்க" என்கிறார். செப்டெம்பரில் கடைக்காரர் சொல்கிறார்: "அம்மா, அரிசி வெல மட்டும் வர்த்தமானியும் இல்லாம, கோர்ட்டு தடையும் இல்லாம, தானா ஏறுது." அதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. ஆனால் "நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம்" என்று எழுதிய பக்கத்துக்கும், "அவர்கள்தான் தடுத்தார்கள்" என்று எழுதிய பக்கத்துக்கும் ஒரே அடி. ஒரு தரப்பும் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை.

நையாண்டியைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்வது நம் சனத்தின் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேர் 2005இலிருந்து ஒரு வலதுசாரித் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மாதிரி நடித்து, அந்த வகை ஊடகத்தையே கிண்டலடித்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வலதுசாரி, இடதுசாரி இரண்டு முகாம்காரரும் அவரைப் பார்த்து ஒரே அளவுக்குச் சிரித்தார்கள். ஆனால் பழமைவாதப் பார்வையாளர்களில் பலர், அவர் விளையாட்டுக்குச் சொல்கிற மாதிரி காட்டிக்கொண்டு உண்மையில் தங்கள் கருத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய குழு, அவ்வளவு பெரிய காசு, இருந்தும் அந்தக் கதி.

அதே நாட்டில் 2004 ஒக்டோபரில் ஜோன் ஸ்டுவார்ட் என்கிற இன்னொரு நையாண்டிக்காரர், கட்சிக்கு ஒருவராக உட்கார்ந்து சண்டை போடும் சிஎன்என் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனார். அங்கே ஜோக் அடிக்க மறுத்து, "நீங்கள் நாட்டுக்குக் கெடுதல் செய்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஜனவரியில் அந்த நிகழ்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அவர் சொன்னதால்தான் நிறுத்தினார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வருடக்கணக்காகச் சிரிக்க வைத்த ஒருவர் ஒரு நாள் சிரிக்காமல் பேசினால் சனம் காது கொடுக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள்.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லாவணி என்கிற போட்டிப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடியப் பாட்டாலேயே மோதுவார்கள். ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு இது கூத்து என்று தெரியும், விடிந்தால் இரண்டு பாட்டுக்காரரும் ஒன்றாகத்தான் ஊர் திரும்புவார்கள் என்றும் தெரியும். இப்போது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரும் ஒளிபரப்புவதில்லை. தேர்தல் வரைக்கும் "துரோகி" என்று எழுதிய அதே பக்கம், பிரதேச சபையில் ஆட்சி அமைக்க ஆள் தேவைப்படும்போது "அண்ணன்" என்று எழுதும். இதற்கு நீங்கள் நகைச்சுவை யோசிக்க வேண்டியதே இல்லை. இரண்டு பதிவையும் திகதியோடு மேலும் கீழுமாகப் போடுங்கள். ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடியவை எல்லாம் அவர்களே எழுதியவைதான்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு.

பொய்ச் செய்தி வடிவத்தில் நையாண்டி செய்யாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவன் எழுதிய அருமையான தலைப்பு இது: "தலைவரின் அயராத முயற்சியால் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறப்பு." மழை பெய்தாலும் அவர், வெயில் அடித்தாலும் அவர் என்று எழுதுகிற பக்கங்களுக்கு அதைவிடப் பொருத்தமான அடி கிடையாது. விழுந்து விழுந்து சிரித்தோம். போடவில்லை. வான்கதவு திறப்பது ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை. தலைப்பு மட்டும் வெட்டுப்பட்டு தலவாக்கலை தாண்டிப் போனால் இரவில் யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலை இறங்கியதைப் பார்த்த சனம் நாங்கள். மழை, மண்சரிவு, வான்கதவு மூன்றையும் தொடவே மாட்டோம். அமெரிக்காவின் தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகையின் கதையை 2002இல் பெய்ஜிங் மாலைப் பத்திரிகை ஒன்று உண்மைச் செய்தியென்று எடுத்துப் போட்டிருக்கிறது. ஆசிரியர் குழுவே ஏமாந்த இடத்தில் லயத்தில் இருக்கிற தாத்தா ஏமாறாமல் இருப்பாரா?

இன்னொன்று, வாசிப்பவனைக் கிண்டலடிக்காதீர்கள். தோட்டத்துப் பேச்சை நடித்துக் காட்டி, பிரியாணிக்கும் சாராயத்துக்கும் ஓட்டுப் போடுகிற கூட்டம் என்று சிரிக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. அது நையாண்டி கிடையாது, கொழும்புக்காரன் காலங்காலமாகச் செய்துவந்த வேலை, இப்போது நம் பிள்ளைகளே செய்கிறார்கள். கட்சிப் பக்கத்தை நம்புகிற ஒருவர் முட்டாளில்லை. அவருடைய வீட்டுக்கு, காணிக்கு, பிள்ளையின் வேலைக்கு அந்தச் சங்கத்தை விட்டால் கதவு தட்ட வேறு இடம் இல்லை. நம்புவது அவருக்குத் தேவையாக இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதுகிற எந்தக் கிண்டலும் அவரை அந்தப் பக்கத்தோடு இன்னும் இறுக ஒட்டவைக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் மேடைப் பேச்சு ஒன்றுக்காகக் கைதாகி, ஒரு மாதத்துக்கும் மேல் விளக்கமறியலில் இருந்த பிறகுதான் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. பயன்படுத்தியது 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம், அதாவது நம்மைப் பாதுகாக்கவென்று வந்த சட்டம். 2024இலிருந்து, இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்கு முந்திய காலத்தில் சட்டமே தேவைப்படவில்லை: கேலிச்சித்திரக்காரரும் ஊடகவியலாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் காணாமல் ஆக்கப்பட்டார். அதனால் சமயத்தை, இனத்தைத் தொடுகிற எதையும் நாங்கள் எடுப்பதில்லை. கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எங்களுக்குச் சம்பளக் கணக்கே வேண்டியமட்டும் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்றால், மீம் செய்யும் அப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். போனில் ஒரு கோவை திறந்து, கட்சிப் பக்கங்கள் போடுகிறவற்றைத் திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேருங்கள். வாக்குறுதி, அடிக்கல் நாட்டுவிழா, "விரைவில்" என்ற சொல் வருகிற ஒவ்வொன்றும். வீட்டுத் திட்டம் என்றால் அடிக்கல் நாட்டிய இடத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கல் மேல் கல் இருக்கும். நாலைந்து மாதம் பொறுங்கள். முதல் பதிவுக்கு, உங்கள் வீட்டில் யார் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்களோ அந்தச் சங்கத்தையே எடுங்கள். வீட்டில் இரண்டு நாள் சோறு கிடைக்காமல் போகலாம், ஆனால் அடுத்த சங்கத்தைப் பற்றி நீங்கள் எழுதும்போது "இவன் அந்தக் கட்சிக்காரன்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.