ஆள்கடத்தலில் இனம் எங்கே வருகிறது?

வணக்கம். சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். நவீன அடிமைமுறை பற்றிய பாடத்தில் இனவெறி எதிர்ப்புக் கோட்பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். வறுமையும் குற்றமும் சேர்ந்ததுதானே ஆள்கடத்தல்? யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இதில் இனத்தை ஏன் இழுக்க வேண்டும்?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

யாரும் புதிதாக இழுத்துவரவில்லை. இந்தச் சட்டங்கள் பிறந்தபோதே இனம் உள்ளே இருந்தது. 1904-ல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை, ‘வெள்ளை அடிமை வணிகத்தை’ (பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கடத்துவதற்கு அன்றைய பெயர்) ஒடுக்குவதற்கானது என்றே பெயர் சூட்டிக்கொண்டது. ‘ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக’ ஒரு பெண்ணை மாநில எல்லை தாண்டி அழைத்துச்செல்வதைக் குற்றமாக்கிய அமெரிக்காவின் 1910 மான் (Mann) சட்டத்துக்கும் அதே பெயர்தான்.

அதில் சிக்கியவர் ஜாக் ஜான்சன். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர். வெள்ளைக்காரப் பெண்களோடு ஒளிவுமறைவில்லாமல் பழகியவர். லூசில் கேமரூன் என்ற பெண்ணை அவர் கடத்திவிட்டதாகப் பெண்ணின் தாய் புகார் கொடுத்தார். லூசிலோ சாட்சி சொல்ல மறுத்து, அவரையே கல்யாணம் செய்துகொண்டார். அரசு விடவில்லை. பழைய தோழி ஒருவரைத் தேடிப்பிடித்தது. அவருடைய பயணச்செலவுக்கு ஜான்சன் அனுப்பிய 75 டாலர் ‘கடத்தல்’ ஆனது. 1913-ல், வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மன்னிப்பு கிடைத்தது 2018-ல், அவர் இறந்து ஏறக்குறைய 72 ஆண்டுகள் கழித்து.

சரி, பழைய கதை என்பீர்கள். இன்றைய பிரிட்டனைப் பாருங்கள். முதலாளியோடு அங்கே போகும் வீட்டுவேலைக்காரர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியப் பெண்கள். வேறு வீட்டுக்கு மாறும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 2012 ஏப்ரலில் அரசு அதைப் பறித்தது. அடித்தாலும், சம்பளம் தராவிட்டாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும், வேலையை விட்டால் விசா போச்சு. அதே நாடுதான் 2015-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றிப் பெருமைப்பட்டது. அந்த உரிமையைத் திருப்பித் தரும் திருத்தத்தைப் பிரபுக்கள் சபை ஏற்றது, மக்கள் சபை தள்ளிவிட்டது. 2016-ல் பாதி கொடுத்தார்கள்: வேலை மாறலாம், ஆனால் ஆறு மாத விசா முடிவதற்குள். இரண்டு மாதம் மிச்சமுள்ள ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

குற்றம், வறுமை என்று மட்டும் பார்த்தால் கெட்ட முதலாளி ஒருவர் அகப்படுவார். விசா தப்பித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள பெண் அதே சமையலறையிலிருந்து மறுநாள் காலையில் கிளம்பிவிடலாம். மணிலாவிலிருந்து வந்தவரால் அவ்வளவு எளிதாக முடியாது. இந்த வித்தியாசத்தை எழுதியது கடத்தல்காரன் அல்ல, அரசாங்கம். அதைப் பார்க்கத்தான் அந்த இனவெறி எதிர்ப்புக் கோட்பாடு வேண்டும். அந்தப் பெண்கள் தாங்களே கட்டிய அமைப்புகளைக் கேளுங்கள்: 2012-க்கு முந்தைய விசாவைத் திருப்பிக் கொடு என்கிறார்கள்.